ஏழாவது கோரிக்கை

எங்கள் சங்கத் தலைவர் மிகவும் எளிமையானவர். இதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அவரே சொல்வார். கொச்சி மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மூட்டை தூக்கி ஆரம்பித்த வாழ்க்கை என்பார். இன்றைக்கும் தனக்கு ஒரு சாயாவும் பரிப்புவடையும் போதும் என்பார். பேசி முடித்து இறங்கியதும் சங்கத்தின் வெள்ளைக் காரில் ஏறுவார். அவருக்கு வேர்க்கக்கூடாது என்று ஓட்டுநர் கால் மணி நேரம் முன்னாலேயே ஏசியைப் போட்டு வைத்திருப்பார்.

நான் ஒரு மசாலா குடோனில் சுக்கு தரம் பிரிக்கிறேன். பதினோரு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து முறத்தில் புடைத்து, பொறுக்கி, சாக்கில் போடுகிற வேலை. பெரும்பாலும் பள்ளுருத்திப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். குடோனில் எல்லாம் உண்டு, பெண்களுக்குக் கழிப்பறை மட்டும் கிடையாது. ஆண்களுக்கும் கிடையாதுதான், ஆனால் அவர்களுக்குப் பின்பக்கத்துச் சுவர் இருந்தது. நாங்கள் காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவோம். முன்பெல்லாம் அடுத்த சந்தில் ஒரு வீட்டுக்காரம்மா தன் வீட்டுக் கழிப்பறையில் போக விடுவார். அவர் வீட்டை விற்றுவிட்டுப் போனார். அது வெள்ளைக்காரர்கள் காப்பி குடிக்கிற இடமாகிவிட்டது. கழிப்பறை இப்போதும் அங்கே இருக்கிறது. அதற்குள் போக முதலில் ஒரு காப்பி குடிக்க வேண்டும்.

பள்ளியில் மலையாளம் படித்ததால் எனக்கு எழுத்து சுத்தமாக இருக்கும். அதனால் சங்கக் கமிட்டியில் பெண்கள் சார்பாக என்னைப் போட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் முதலாளிக்குக் கொடுக்கிற கோரிக்கை மனுவை எழுதுவது என் பொறுப்பு. அதில் பெண்களுக்குக் கழிப்பறை என்பது ஏழாவது கோரிக்கை. பேச்சுவார்த்தை எப்போதும் ஐந்தாவதோடு நின்றுவிடும். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். வர்க்கப் போராட்டத்தில் எது முதலில், எது பிறகு என்று ஒரு வரிசை உண்டென்று தலைவர் பொறுமையாக விளக்கினார். நானும் தலையாட்டினேன். கமிட்டியில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது, அதன்மேல் எனக்கு ஆசையும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் குடோனுக்கு எதிரே இருந்த சங்க ஆபீஸின் மாடியைப் புதுப்பித்தார்கள். கூட்டம் நடத்த ஒரு ஹால், பக்கத்தில் தலைவருக்கு ஓய்வறை. போராடிப் போராடி அவருக்கு முதுகுவலி வந்துவிட்டதாம், ஆகவே ஏசி. ஓய்வறைக்குள்ளேயே ஒரு கழிப்பறையும் கட்டினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெண்கள் போய்ச் சம்பளமில்லாமல் மணல் சுமந்தோம், சிமென்ட் கறையைச் சுரண்டித் தரை கழுவினோம். தலைவர் உட்காரப் போகிற பீங்கான் கோப்பையை அட்டைப் பெட்டியோடு மாடிப்படியில் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருத்தி. வேலை முடிந்த அன்று அதைப் பூட்டினார்கள். சாவி தலைவருடைய சட்டைப் பையில் போய் உட்கார்ந்தது.

புதிய ஹாலில் முதல் பொதுக்கூட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு. தலைவர் அன்றைக்குத் தொழிலாளிப் பெண்ணின் அபிமானம், அதாவது தன்மானம், பற்றிப் பேசினார். மூன்றரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பதினோரு பேரில் மூத்தவர் ஒருவர் உண்டு; தென்காசிப் பக்கத்தில் பிறந்தவர் என்றாலும் எல்லோருக்கும் அவர் சேச்சிதான். சர்க்கரை வியாதிக்காரி. என் பக்கத்தில் நெளிந்து நெளிந்து உட்கார்ந்திருந்தவர், சட்டென்று எழுந்து நேரே மேடைக்குப் போனார். தலைவரின் காதருகே குனிந்து மெதுவாகத்தான் சொன்னார். மைக் அதை ஹால் முழுக்கக் கேட்க வைத்தது.

"சகாவே, அந்தத் தாக்கோல் கொஞ்சம் தாங்க. இனி நிக்க முடியாது."

ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்து, பேச்சு முடியட்டும் என்று கையால் சைகை காட்டினார். சேச்சி நகரவில்லை. மேடையிலேயே, அவருக்குப் பக்கத்தில், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அபிமானம் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் பேசிப் பார்த்துவிட்டு, தலைவர் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சேச்சி போய் வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவி, ஈரக் கையோடு இருந்தார். எங்கள் வரிசையைப் பார்த்து, "நல்ல தணுப்பா இருக்கு. சுடுவெள்ளம்கூட வருது. போய்ட்டு வாங்க" என்றார்.

நாங்கள் எழுந்தோம். ஹாலின் ஓரமாக, மேடையைத் தொட்டபடி, பத்துப் பெண்கள் வரிசையில் நின்றோம். தலைவர் எங்களைப் பார்க்காமல் பேச்சைத் தொடர்ந்தார். நடுநடுவே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அன்று வரிசையில் கடைசியாக நின்றது நான்தான், கமிட்டி உறுப்பினர் என்ற தயக்கத்தால்.

அடுத்த வாரம் தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று பயந்து போனேன். சாயா வரவழைத்துக் கொடுத்தார். கட்டுப்பாடு இல்லாவிட்டால் இயக்கம் இல்லை என்றார். பிறகு மேஜைமேல் ஒரு மாற்றுச் சாவியை வைத்தார்.

"நீங்க கமிட்டி ஆள் அல்லே. இது உங்களுக்கு மாத்திரம். வேற ஆரும் அறிய வேண்டா."

திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். எடுத்துக்கொண்டேன். மினிட்ஸ் எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தினமும் காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை போய்வந்தேன். அங்கே ஆளுயரக் கண்ணாடி இருந்தது. சந்தன சோப்பு இருந்தது. குடோனில் நான் தைரியமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் பத்துப் பேர் உதடு காய உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் அப்படிப் போயிற்று. தலைவரைப் பற்றி அந்த மூன்று வாரமும் நான் யாரிடமும் குறை சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

பிறகு சேச்சி வேலைக்கு வரவில்லை. நீர்க்கடுப்பும் காய்ச்சலும் என்றார்கள். பள்ளுருத்தியில் அவர் வீட்டுக்குப் போனேன். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு, "உனக்கு இப்ப எழுத்து வேலை கூடுதலோ?" என்று கேட்டார்.

எனக்கு முகம் எரிந்தது. சாவியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "வாசனை சோப்பு அல்லே. முதல் நாளே உன் கையில மணத்தது" என்று மட்டும் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று வாரமாக நான் ஒருத்திதான் அதை ரகசியம் என்று நினைத்திருக்கிறேன்.

மறுநாள் குடோனில் பதினோரு மணிக்கு முறத்தை வைத்துவிட்டு எழுந்து, வாங்க போகலாம் என்றேன். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. எல்லோரும் சாக்குத் தூசியோடு சங்க ஆபீஸ் மாடியேறினோம். நான்கு நாள் அப்படிப் போனோம். ஐந்தாம் நாள் பூட்டு மாறியிருந்தது.

அன்று சாயங்காலம் பழைய மனுவை எடுத்து வைத்துக்கொண்டேன். ஏழாவது கோரிக்கையை மட்டும் சொல்லுக்குச் சொல் பிரதி எடுத்தேன். "முதலாளி அவர்களுக்கு" என்ற இடத்தில் "தலைவர் அவர்களுக்கு" என்று மாற்றினேன். "உழைக்கும் பெண்களின் அடிப்படை உரிமையை மறுக்கும் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்பது தலைவரே முன்பு சொல்லி எழுத வைத்த வரி, அதில் கை வைக்கவில்லை. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம். சேச்சி படுக்கையில் இருந்தே போட்டார். அதை ஆபீஸ் அறிவிப்புப் பலகையில், மே தினப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

பல வருஷமாக ஐந்தாவதைத் தாண்டாத பேச்சுவார்த்தை அந்த வாரமே நேராக ஏழாவதில் ஆரம்பித்தது. தலைவர் முதலாளியைப் போய்ப் பார்த்தார். குடோன் முற்றத்தின் மூலையில் ஒரு மாதத்துக்குள் தகரக் கூரையோடு ஒரு கழிப்பறை எழுந்தது. திறப்பு விழாவுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். நீண்ட போராட்டத்தின் வெற்றி என்று தலைவர் பேசினார். ரிப்பனை வெட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, தன் அவசரத்துக்கு ஆபீஸ் மாடிக்கே போனார்.

அடுத்த கமிட்டித் தேர்தலில் என் பெயர் இல்லை. புதிய இரத்தம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். புதிய இரத்தம் தலைவருடைய மைத்துனன் மனைவி. அவள் சுக்கை டீயில்தான் பார்த்திருப்பாள்.

சேச்சி தேறி வேலைக்கு வந்துவிட்டார். முற்றத்துக் கழிப்பறையின் தாழ்ப்பாள் முதல் மாதமே கழன்று விழுந்தது. முதலாளியிடம் சொன்னோம், சங்கத்திலும் சொன்னோம். இரண்டு இடத்திலும் குறித்துக்கொண்டார்கள். இப்போது ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். நேற்று நான் உள்ளே இருந்தபோது சேச்சி பிடித்துக்கொண்டார், சீக்கிரம் வா, எனக்கும் போகணும் என்று சொல்லிக்கொண்டே.