நெய் ரோஸ்டுக்கு வழி கேட்ட கதை

கல்யாணமான மூன்றாவது வாரமே நான் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டேன். போர்ட் பிளேயரில், ஜங்லிகாட்டில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. அன்று காலை என் மனைவி வார்த்த தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் மேல் குற்றமில்லை. அந்த நாளில் உளுந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வந்து சேர்வதற்குள் கிழடு தட்டிவிடும். அதில் மாவு எங்கே பொங்குவது? இதைச் சொல்லி அவளைத் தேற்றியிருந்தால் நான் நல்ல மனிதன். நானோ காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "மெட்ராஸ் ஓட்டல்ல சாப்பிட்டுப் பழகின நாக்கு இது, என்ன பண்றது" என்றேன்.

நான் மெட்ராஸில் ஒரு காபிகூடக் குடித்ததில்லை. சர்க்கார் வேலைக்கு உத்தரவு வந்ததும் மானாமதுரையில் ரயிலேறினேன், எழும்பூரில் இறங்கினேன், ஜட்கா பிடித்து நேரே துறைமுகத்துக்குப் போனேன். வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டுக் கப்பலேறினேன். எனக்கும் அந்த ஊருக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

ஆனால் என் மனைவி தீவிலேயே, சௌல்தாரி கிராமத்தில் பிறந்தவள். கைதிகளைக் கொண்டுவந்த காலத்திலேயே வந்துசேர்ந்த தமிழ்க் குடும்பம், பேச்சில் தீவு இந்தி கலந்துவிடும். மெயின்லேண்ட் என்ற ஒன்றை அவள் வரைபடத்தில்தான் பார்த்திருந்தாள். அவள் கண்ணை அகல விரித்துக் கேட்கக் கேட்க, நான் வாய் கூசாமல் அளந்துவிட்டேன். நெய் ரோஸ்ட் ஒரு முழ நீளம் இருக்கும், தட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டாலே நொறுங்கும், சர்வர் என்னைப் பார்த்ததும் ஓடிவருவான். இப்படி இரண்டு வருஷம்.

"ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போங்கஜி. அந்தத் தோசையை நான் பார்க்கணும்" என்பாள்.

"அதுக்கென்ன, லீவு கிடைக்கட்டும்" என்பேன். லீவு கிடைக்காது என்ற தைரியம்தான்.

கிடைத்துவிட்டது. கப்பலில் இடமும் கிடைத்துவிட்டது. கையெழுத்தான விண்ணப்பத்தைப் பார்த்து ஆபீசில் எல்லோரும் கைகொடுக்க, எனக்கு மட்டும் முழி பிதுங்கியது. மெட்ராஸில் நல்ல ஓட்டல் எது என்று இருபது நாளில் கண்டுபிடித்தாக வேண்டும். அவளுக்குத் தெரியாமல் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மானம் கப்பலேறும்.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் எந்தச் செய்தி வேண்டுமானாலும் கடைசியாக வந்த கப்பலில் இறங்கியவர்களைத்தான் பிடிப்போம். துணி விலையிலிருந்து பெண் பார்ப்பது வரை அவர்கள் சொன்னதுதான் வேதம். நானும் கப்பல் வந்த மறுநாளே கிளம்பினேன். கண்டவனையும் நம்புவதில்லை என்று எனக்குள் சட்டம் போட்டுக்கொண்டேன். ஓட்டல்காரனுக்குச் சொந்தக்காரனாக இருக்கக் கூடாது. "எல்லாமே நல்லாருக்கும் சார்" என்பவனை உடனே தள்ளிவிட வேண்டும். சட்னி என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பரீட்சையில் மூன்று பேர்தான் தேறினார்கள்.

முதல் ஆள் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் மலையாளி. கை கழுவும் இடத்தில் ஆளுயரக் கண்ணாடி பதித்த ஓட்டல் ஒன்று உண்டு, அங்கே போ என்றார். இரண்டாவது ஆள் தெலுங்குக் காண்ட்ராக்டர். மாடிப்படி ஏறிப் போனால் ஃபேமிலி ரூம் இருக்கிறது, மனைவியோடு போனால் அதுதான் கௌரவம் என்றார். மூன்றாவது ஆள் எங்கள் ஆபீஸ் தலைமை கிளார்க். கல்லாவில் சந்தனப் பொட்டு வைத்த பெரியவர் இருப்பார், அந்த ஓட்டல் சட்னிக்கு ஈடு கிடையாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஓட்டலின் பெயர் மூன்று பேருக்கும் ஞாபகமில்லை. துறைமுகத்துப் பக்கம்தான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றார்கள். நான் மூன்று ஓட்டல்களையும் சிகரெட் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த அட்டை பையில் இருந்தவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

கப்பலில் நான் நாலு நாளும் ஈரத்துணியாகச் சுருண்டு கிடந்தேன். அவளோ என் பங்கு பருப்பையும் சோற்றையும் சேர்த்துத் தின்றுவிட்டு, டெக்கில் நின்று பறக்கும் மீன்களை எண்ணினாள்.

மெட்ராஸில் இறங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் மூட்டையை வைத்தோம். குளித்துவிட்டு அவள் ரோஸ் நிறப் புடவை கட்டிக்கொண்டாள். "வா, என் பழைய ஓட்டலுக்குப் போகலாம்" என்று கூசாமல் சொன்னேன். தெருவில் இரண்டு பேரிடம் அவளுக்குக் கேட்காதபடி விசாரித்துக் கண்ணாடி ஓட்டலைக் கண்டுபிடித்துவிட்டேன். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப்பலில் எங்களுக்குப் பக்கத்துப் படுக்கைகளில் இருந்த குடும்பம் முழுவதும் அங்கே உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருந்தது. அதற்கு அடுத்த மேஜையில் எங்கள் தீவின் கராச்சர்மாக்காரர்கள். எங்கே திரும்பினாலும் எங்கள் தீவு இந்தி.

"ஆயியே பாபிஜி, பைட்டியே!" என்று சர்வரும் இந்தியிலேயே வரவேற்றான்.

இட்லி வந்தது. எங்கள் வீட்டு இட்லியின் அண்ணன்.

"நம்ம ஜங்லிகாட் மாதிரியே இருக்கே" என்றாள் அவள், ஆச்சரியமாக.

"காலையில இங்க சுமார்தான். மத்தியானம் வேற இடத்துக்குப் போவோம்" என்றேன்.

மத்தியானம் மாடிப்படி ஓட்டல். வேறு தெரு, வேறு வாசல். குறுகலான படியேறி, பச்சைத் திரையை விலக்கி ஃபேமிலி ரூமில் உட்கார்ந்தோம். தண்ணீர் கொண்டுவந்தவன் காலையில் பார்த்த அதே சர்வர். கீழே எட்டிப் பார்த்தேன். அதே ஆளுயரக் கண்ணாடி. அவன் முந்திக்கொண்டு, "திரும்பி வந்துட்டீங்களா சார்?" என்று பல்லைக் காட்டினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மறுநாள் காலை, இனி ஏமாறக் கூடாது என்று லாட்ஜ் மேனேஜரிடமே கேட்டேன். சந்தனப் பொட்டுக்காரர் கல்லாவில் உட்காரும் ஓட்டல் எது? அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். அந்த விரல் போன திசையைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நேற்று இரண்டு வேளையும் அந்தப் பெரியவர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் இறங்கியதும் அங்கே சாப்பிடுகிறார்கள். திரும்பும் கப்பல் தாமதமானால், டிக்கெட் ஆபீஸை விட்டு நகரப் பயந்துகொண்டு வாரக்கணக்கில் அங்கேயே சாப்பிடுகிறார்கள். ஊருக்கு வந்து அதையே புகழ்கிறார்கள். அதைக் கேட்டு அடுத்த கப்பல்காரர்கள் போகிறார்கள். போர்ட் பிளேயர் முழுவதற்கும் தெரிந்த மெட்ராஸ் அந்த ஒரு ஓட்டல்தான்.

மூன்றாம் தடவையாக அந்தச் சர்வர் எங்கள் முன்னால் நின்றான். எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. என் மனைவிதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பையாஜி, உங்களுக்கு சுட்டி... லீவு என்னிக்கு?"

"வியாழக்கிழமை, பாபிஜி."

"அன்னிக்கு நீங்க எங்க போய் தோசை சாப்பிடுவீங்க? ஸச், நிஜம் சொல்லணும்."

அவன் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மேஜையைத் துடைக்கிற மாதிரி குனிந்தான். "பூக்கடைக்குப் பின்னால, வெத்தலை மண்டிக்கு எதிர்ச் சந்து. போர்டு இருக்காது. பத்து மணிக்குள்ள போயிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றான்.

ஓட்டமும் நடையுமாகப் போனோம். வழியில் இரண்டு முறை அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். சந்துக்குள் திரும்பும்போதே நெய் வாசனை வந்துவிட்டது. பெஞ்சில் இடம் பிடித்து இரண்டு நெய் ரோஸ்ட் சொன்னேன். வந்தது. ஒரு முழம் இருந்தது! தட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது! நான் இரண்டு வருஷமாக அளந்த பொய் அத்தனையும் பொன்னிறத்தில் என் முன்னால் கிடந்தது. சந்தோஷத்தில் கூவியிருப்பேன், அந்த நேரம் பார்த்து அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஆரம்பிங்கஜி" என்றாள்.

ஓரத்தில் பிய்ப்பதா, நடுவில் உடைப்பதா? உள்ளே மசாலா இருக்குமா, விரித்துப் பார்ப்பதா? இடது கையால் பிடித்துக்கொள்ளலாமா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திருதிருவென்று விழித்தேன். அவளோ கண் கொட்டாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "நான் இதைத் தின்னதே இல்ல. இந்த ஊர்ல எதையுமே தின்னதில்ல. எல்லாம் கப்ஸா."

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஸச்சி? உங்களுக்கும் இதுதான் முதல் தடவையா?"

தலையாட்டினேன்.

"ஹாய் ராம்! ரெண்டு வருஷமா எனக்கு எவ்வளவு டர் தெரியுமா? மெட்ராஸ் ஓட்டல்ல எப்படி உக்காரணும், எப்படி பிய்க்கணும், எல்லாரும் என்னை ஜங்லி, காட்டுக்காரின்னு பாப்பாங்களோ, நீங்க வெக்கப்படுவீங்களோன்னு... கப்பல்லகூட அதே நினைப்பு. உங்களைப் பாத்துப் பாத்து அப்படியே செய்யலாம்னு இருந்தேன்."

என் பெருமைக்காக நான் விட்ட கதை ஒவ்வொன்றும் அவள் வயிற்றில் பயமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. அது எனக்கு இரண்டு வருஷமும் தெரியவில்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் அவள் நீடிக்க விடவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஜாலியா பயந்திருக்கலாம்ல!" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையால் என் ரோஸ்டின் நட்டநடுவில் ஒரு போடு போட்டாள். அது படீரென்று நொறுங்கி எதிரில் உட்கார்ந்திருந்தவர் சட்டை வரைக்கும் தெறித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் அடக்க மாட்டாமல் சிரித்தோம், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

"முதல் தடவை" என்று அவரிடம் சொன்னாள் என் மனைவி. "ரெண்டு பேருக்கும்."