கேள்வித்தாளில் குடியிருப்பவர்கள்

அடுத்தவர் வாதத்தில் ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு ரீசனிங் வகுப்பெடுத்து, அதே பழக்கத்தில் வீட்டிலும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக ஆசிரியர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

மூடிய ஆலை

ஒரு நகரத்தில் சோப்பு ஆலையை மூடினார்கள். ஆற்றில் மீன் பெருகியது. ஆகவே ஆலைக் கழிவுதான் மீன்களைக் கொன்றிருக்கிறது. இந்த வாதம் எங்கே இடிக்கிறது? இரண்டு நிமிடத்தில் விடை வேண்டும்.

மத்தியான வகுப்பு. மின்விசிறியே அரைத்தூக்கத்தில் சுற்றியது. ஷாகிரா ஜன்னல் வழியே மலைக்கோட்டையைப் பார்த்தபடி அந்த ஆற்றங்கரைக்கே போய்விட்டாள். கெட்டிக்காரப் பெண், நேரம்தான் போதாது. இரண்டு தடவை தேர்வில் கோட்டைவிட்டாயிற்று. இதுதான் கடைசி, அப்புறம் நம்ம தோல்மண்டிக் கணக்கைப் பார் என்று அவள் அத்தா சொல்லிவிட்டார். விடை என்னம்மா என்று கேட்டேன்.

"அங்க வேலை பாத்தவுகல்லாம் இப்ப எங்க போனாக மிஸ்?"

நின்றுபோன பஸ்

அடுத்த வாரம், கூட்டமில்லை என்று ஒரு பஸ்ஸை நிறுத்திய கேள்வி. "கூட்டமில்லன்னாலும் தெனம் ஒருத்தராவது ஏறியிருப்பாருல்ல?" என்றான் செம்பட்டியிலிருந்து வரும் அந்தோணி. ஷாகிராவின் வியாதி அவனுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது! ஷாகிரா அந்த ஒருத்தருக்குக் குடையும் தூக்குவாளியும் கொடுத்தாள். வகுப்பே அவரோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தது. நானும் செத்த நேரம் நின்றுவிட்டேன் என்பதில்தான் எனக்கு எரிச்சல்.

கேள்வியில் இல்லாததை யோசிக்கவே கூடாது என்று கத்தினேன். ஊருக்கு 'அ', ஆட்களுக்கு 'ஆ' என்று எழுத்துப் போட்டுப் படிக்கச் சொன்னேன். ஷாகிரா அப்படியே செய்தாள். பத்துக் கேள்விகளை நேரத்துக்குள் முடித்துவிட்டு, தாளைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"ஆ-வுக்குப் பசிக்காதுல்ல மிஸ்."

மதுரையிலிருந்து வந்தவள்

தேர்வு முடிந்து மதுரையிலிருந்து நேரே என்னிடம் வந்தாள். கணினித் திரையிலேயே மதிப்பெண் வந்துவிட்டதாம். அவள் ஆசைப்பட்ட கல்லூரிக்கு அது தாராளமாகப் போதும். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரீசனிங் எப்படி இருந்தது என்று கேட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்:

"கடைசிக் கேள்வியில ஒரு ஊரு ஆஸ்பத்திரிய மூடிட்டாக மிஸ். யாரு எவருன்னு ஒண்ணும் நெனைக்கல, டக்குனு விடையக் குத்திட்டேன்."

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: நாளை அவள் பெரிய மேலாளராகி எந்த ஊரில் எதை மூடினாலும், சொல்லும் காரணத்தில் ஒரு பிசகும் இருக்காது.