பானைச் சில்லைத் திருப்பி வைக்கப் போனோம்

அன்று அந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் காட்டில் இருந்தவர்கள் நான், என் கணவர், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், பைக்கில் வந்த ஓர் இளைஞர், கடைசியாக வந்த நிலத்துக்காரம்மா. வேறு யாரும் இல்லை. இடம், விருத்தாசலத்திலிருந்து நல்லூர் போகும் வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. போன வருஷம் மாசி மாதம், மல்லாட்டை பிடுங்குகிற நேரம்.

அந்தக் காட்டின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் குத்துக்கற்கள் நிற்கின்றன. எந்தக் காலத்திலோ செத்தவர்களைப் புதைத்த இடத்தில் அடையாளமாக நட்டதாம். அதற்கு முந்தின மாதம், காணும் பொங்கலன்று, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று என் கணவர் அழைத்துப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பீங்கான் யூனிட்டில் வேலை செய்கிறோம். அவர் சூளையில், நான் அகல் விளக்குக்கு விளிம்பு துடைக்கிற இடத்தில். எங்கள் ஆட்கள் மண்ணில் சுட்ட எதைக் கண்டாலும் நகத்தால் தட்டிப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். கல்லடியில் கிடந்த ஒரு பானைச் சில்லை அவர் எடுத்துத் தட்டினார். “எந்தக் காலத்துச் சூடோ, இன்னும் கணீர்னு இருக்குது பாரு” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டு ஷோகேஸில் வைத்துவிட்டார்.

அப்போது என் மகளை வளைகாப்பு முடித்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். ஒரு நாள் வந்த என் நாத்தனார் ஷோகேஸைப் பார்த்தவர், “பொணம் பொதைச்ச எடத்துலேர்ந்து எடுத்தாந்ததையா வயித்துக்காரி இருக்குற வூட்டுல வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஸ்கேனில் குழந்தையைச் சுற்றித் தண்ணீர் குறைவாக இருக்கிறது என்றார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டாக்டர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. நாத்தனார் சொன்னது முழுசாகப் புரிந்தது.

அதை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கணவர் சிரித்தார். “உனக்கு பல்லி வுழுந்தாலும் பயம், வுழலன்னாலும் பயம்” என்றார். நான் விடவில்லை. இரண்டு பேரும் ஒருநாள் லீவு போட்டோம். பையில் சில்லு, மண்ணைத் தோண்ட ஒரு சின்னக் கொத்து, வெறுங்கையோடு போகக் கூடாதே என்று எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம். இதெல்லாம் சேர்ந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஆயிரத்தெட்டுக் கவலைப்படுகிறவள், இதற்குக் கவலைப்படவில்லை.

கல்லருகில் உட்கார்ந்து கொத்தை எடுத்ததும் ஆடு மேய்த்தவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் போன் செய்ய, பைக்கில் அந்த இளைஞர் வந்தார். வந்ததும் எங்கள் வண்டிச் சாவியை உருவிக்கொண்டு என் பையைக் கொட்டினார்.

“பழம், குங்குமம், கொத்து. சாமானெல்லாம் கரெக்டா இருக்குது. புதையல் எடுக்க பகல்லயே கெளம்பிட்டீங்களா?”

“கோழி ஒண்ணுதான் கொறைச்சல்” என்றார் ஆட்டுக்காரர்.

என் கணவர் என் பக்கம் குனிந்தார். “வா, வண்டி கெடக்கட்டும், ரோட்டுக்கு ஓடிடலாம்” என்று காதில் சொன்னார். நான், “ஓடுனா திருடிதான்னு ஆயிடும். நான் வரல” என்றேன். இளைஞரிடம், “காட்டுக்காரங்களை வரச் சொல்லுங்க, அவங்ககிட்ட பேசுறேன்” என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். போலீசுக்குப் போன் போடுவதாக இளைஞர் மிரட்டினார். போடுங்கள் என்றேன்.

நிலத்துக்காரம்மா தலையில் துண்டு கட்டி, கையெல்லாம் மண்ணாக வந்தார். கொட்டிக் கிடந்ததை எல்லாம் ஒரு தரம் பார்த்தார்.

“இன்னா எடுக்க வந்தம்மா?”

“எடுக்க வரலீங்க, வெக்க வந்தேன்” என்று சில்லைக் காட்டி, மகள் விஷயத்தைச் சொன்னேன்.

“சித்தி, நம்பாத. இந்தச் சில்லுதான் தரையெல்லாம் கெடக்குதே” என்றார் இளைஞர். அது உண்மைதான்.

அந்தம்மா, “எங்க எடுத்தீங்களோ அங்க வெச்சிட்டுப் போங்க” என்றார். என் கணவர் கல்லுக்கு இந்தப் பக்கம் காட்டினார். நான் அந்தப் பக்கம் காட்டினேன்.

“நான்தான எடுத்தேன், எனக்குத் தெரியாதா?”

“நீங்க செருப்பை எங்க வுட்டீங்கன்னே தெரியாம தேடுவீங்க. நெழல்ல நின்னுதான் தட்டிப் பாத்தீங்க.”

“அன்னிக்குக் காலையில வந்தோம், நெழலு இங்க இருந்துச்சு!”

எங்களை யார் சுற்றி நிற்கிறார்கள் என்பதே மறந்துபோய் வீட்டில் போடுகிற சண்டையை அங்கே போட்டோம். நிலத்துக்காரம்மா சிரித்துவிட்டார். “சாவியக் குடுடா. திருட வந்ததுங்க இப்படி சண்ட போடாதுங்க” என்றார்.

ஏற்கெனவே யாரோ ராத்திரியில் வந்து தோண்டியதில் ஒரு கல் சாய்ந்துவிட்டதாம். அதிலிருந்து ஊரே காவலாம். கணவர் சொன்ன பக்கமே சில்லைப் புதைத்தோம். “பழத்த மட்டும் எடுத்துட்டுப் போயிடு, இங்க கெடந்தா புதையல் பூசைன்னு நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க” என்ற அந்தம்மா, பச்சை மல்லாட்டையைச் செடியோடு ஒரு கட்டு என் மடியில் போட்டு, “புள்ளைக்கி வேவிச்சுக் குடு” என்றார்.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. டாக்டர் சொன்ன ஓய்வும் மருந்தும்தான் காப்பாற்றின என்று மகள் சொல்கிறாள், சில்லுதான் என்று நாத்தனார் சொல்கிறார். நான் இரண்டு பேரோடும் வாதம் செய்வதில்லை. என் மனதில் நிற்பது வேறு. எங்களைத் திருடர்கள் என்று சொல்ல அத்தனை பொருளும் தரையில் கொட்டிக் கிடந்தபோது, அந்தம்மா ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நான் ஓடாமல் உட்கார்ந்ததும் அவர் கேட்டதும், இந்த இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் எங்கள் தெருவில் இன்றைக்கு எங்களுக்கு வேறு பேர் வந்திருக்கும்.