பேட்டரிக்கு அருகே ஒரு ஃபியூஸ்

மேலப்பாளையத்தில் வண்டிக்கு நல்ல பாட்டுப்பெட்டி மாட்டித் தருகிறவர் யார் என்று கேட்டால் அசன் முகம்மதுவின் கடையைக் கை காட்டுவார்கள். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். போய்த் தெரிந்துகொள்ளட்டுமே என்று விட்டுவிடுவதில் ஊராருக்கு ஒரு குஷி.

பாளையங்கோட்டை வேன் டிரைவர் ஹெப்ரானும் அப்படித்தான் போய் முழித்தான். நல்ல ஆளிடம் வந்து மாட்டினோம் என்று நினைத்தான். கிளம்பிவிடலாம் என்று பார்த்தால், அதற்குள் அசன் முகம்மது வேனின் கதவைக் கழற்றி வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவர் சுவர்க்கடிகாரத்துச் செல் ஒன்றை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் வைத்து, ஸ்பீக்கர் உப்புகிறதா உள்வாங்குகிறதா என்று பார்த்து எது ப்ளஸ், எது மைனஸ் என்று கண்டுபிடித்தார். பாட்டைப் போட்டுவிட்டுத் தேநீர்க் கிளாஸை டாஷ்போர்டில் வைத்து, அதன் அலையைப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்தார். கதவில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்து ஹெப்ரான் கேட்டபோது, மேளம் அதன் இடத்தில் இருந்தது, குரல் அதன் இடத்தில் இருந்தது. ஒரு பாட்டைக்கூடக் கேட்டறியாத மனிதர் இதை எப்படிச் செய்தார்? அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சின்னதுலேயே பட்டறையில விட்டுட்டாவ அண்ணாச்சி" என்றாள் அசன் முகம்மதுவின் மனைவி ஃபர்ஹத். வருகிறவர்களுக்கும் அவருக்கும் நடுவில் கைச்சாடையில் பேசிக்கொடுப்பவள் அவள்தான். "இவுகளப் பெத்த எங்க மாமி ஆசியா உம்மாளுக்கு ஒரே பயம். பிள்ளைக்கு ஹாரன் கேக்காதே, ரோட்டுல போனா வண்டி அடிச்சிருமேன்னு. வண்டியெல்லாம் நிக்கிற எடத்துலேயே கெடக்கட்டும்னு லாரிப் பட்டறையில கொண்டு விட்டாவளாம்."

பின்சீட்டுக்கு அடியில் சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அதற்கு பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயர் ஒன்று தனியாகப் போனது. தகரத்தைத் துளைத்துப் போகிற இடத்தில் வயர் உரசாமல் இருக்க ரப்பர் புஷ் போட்டிருந்தார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு ஃபியூஸும் வைத்திருந்தார்.

"ஏம்மா, பெட்டியிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கே. இங்கன இன்னொண்ணு எதுக்கு?" என்று ஹெப்ரான் கேட்டான்.

ஃபர்ஹத் கை அசைத்துச் சொன்னதும் அசன் முகம்மது ஒரு வயர்த் துண்டை எடுத்தார். குறடால் பிடித்து, மூலையில் கிடந்த பழைய பேட்டரியின் இரு முனைகளையும் அதால் தொட்டார். கண் மூடித் திறப்பதற்குள் மேலுறை கொதித்து, புகைந்து, சொட்டுச் சொட்டாய்த் தரையில் விழுந்தது. கடை முழுக்க நாற்றம்.

"அந்த ஃபியூஸ் பெட்டிக்காம். இது வயருக்காம்" என்றாள் ஃபர்ஹத். "வண்டிக்குள்ள இம்புட்டு நீளம் ஓடுதுல்லா, எங்கன தகரத்துல பட்டாலும் இந்தக் கதிதானாம். இது இருந்தா முந்திக் கருகி கரண்ட நிறுத்திருமாம்."

மனுஷன் ரொம்பத்தான் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஹெப்ரான் வீடு போய்ச் சேர்ந்தான்.

அந்த வாரமே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பாபநாசத்துக்கு ஏற்றிப்போகும் சவாரி வந்தது. தக்காளிச் சோறு ஓர் அண்டா நிறைய. வளைவில் அண்டா சரியாமல் இருக்க ஹெப்ரான் ஒரு யோசனை செய்தான். தன் மூளையைப் பற்றி அவனுக்கு எப்போதுமே உயர்ந்த எண்ணம்தான். பின்பக்கத் தரையில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, விரித்திருந்த ரப்பர் மேட்டுக்கு மேலேயே ஸ்க்ரூவை முடுக்கினான். அண்டாவுக்கு அடியில் வைக்கோல் பிரிமணையும் வைத்தான்.

அம்பாசமுத்திரம் தாண்டியதும் பாட்டு நின்றது. திரையில் பாட்டின் பெயர் ஓடுகிறது, சத்தத்தைக் காணோம். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

"என்னண்ணே, பாட்டு நின்னுட்டு?" என்றாள் கூட வந்த ஸ்வீட்லின் டீச்சர்.

"பொறுங்க டீச்சர், ஒரு நிமிசத்துல பாட வச்சிருதேன்."

மர நிழலில் ஓரங்கட்டிப் பார்த்தான். பேட்டரி அருகே இருந்த ஃபியூஸ் கருகியிருந்தது. இதற்கெல்லாம் டிரைவர்மார் கையில் பழைய வைத்தியம் உண்டு. சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஃபியூஸில் சுற்றிச் செருகினால் வேலை முடிந்தது. ஹெட்லைட்டுக்கு எத்தனையோ முறை செய்திருக்கிறான். தாளை முறுக்கிக்கூட விட்டான். அப்போதுதான் அந்த வயர்த் துண்டின் நாற்றம் மூக்கில் ஏறியது போல இருந்தது. கை நின்றது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, சிவப்பு வயர் போன வழியே ரப்பர் மேட்டைத் தூக்கிக்கொண்டே போனான். அண்டாவை நகர்த்தினான். அவன் முடுக்கிய ஸ்க்ரூ, வண்டி குலுங்கக் குலுங்க வயரின் மேலுறையைக் கிழித்து நடுவே இறங்கி, அடியிலிருந்த தகரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மேலே வைக்கோல். அதைச் சுற்றித்தான் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். வேனுக்கு இறங்க ஒரே கதவு.

"கர்த்தாவே" என்று ஹெப்ரான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். பாட்டை நிறுத்தியது அந்த மனிதர்தான். எங்கோ மேலப்பாளையத்தில் இருந்துகொண்டு, இங்கே தன் மடத்தனத்துக்குக் குறுக்கே கை வைத்திருக்கிறார். அப்படி ஓர் ஆளுக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டோமே என்றிருந்தது.

உடனே அவருக்கு வீடியோவில் கூப்பிட்டான். ஸ்க்ரூவைக் காட்டினான். அசன் முகம்மதுவின் முகம் சிவந்தது. வயரை பேட்டரியிலிருந்தே கழற்று, முனையில் டேப் சுற்று என்று இரண்டு கையாலும் திட்டினார்; பக்கத்தில் நின்ற ஃபர்ஹத் எடுத்துச் சொன்னாள். ஹெப்ரான் கழற்றினான், சுற்றினான், காட்டினான். நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டான்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஹெப்ரானின் தோளுக்குப் பின்னால் எதையோ தேடினார். போனைத் திருப்பு என்று சைகை செய்தார். திருப்பினான். பிள்ளைகள் பெட்டியில்லாமலே பாடிக்கொண்டு ஆடினார்கள். அவர் ஒவ்வொருவராகக் காட்டச் சொன்னார். டீச்சர் மடியில் தூங்கிய கடைக்குட்டியின் முகம் தெரியவில்லை. அருகே போ என்றார். போனான். அந்த முகத்தையும் பார்த்த பிறகுதான் அசன் முகம்மது போனை வைத்தார்.