மத்தியானத்தில் மூடிய இலைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தோணி அன்று குடித்திருக்கவில்லை. இதைக் கேட்கிற எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நானும் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. தாவரவியல் படித்துவிட்டு, பதினோரு வருடமாகப் பெங்களூரில் வீடுகளில் நிற்கும் பெரிய மரங்களைப் பார்த்து எந்தக் கிளையைக் கழிக்கலாம், எது மழையில் விழும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. மரத்தில் ஏதோ இருக்கிறது என்று யாராவது சொன்னால், கரையானாக இருக்கும் என்று சிரிப்பேன்.

லிங்கராஜபுரத்தில் ரெஜினா மிஸ் வீடு. சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவர், தனியாக இருக்கிறார். அவர் காம்பவுண்டில் அந்த வீட்டைவிட வயதான தூங்குமூஞ்சி மரம் ஒன்று. அதன் பெரிய கிளை சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு மேலே நீண்டிருந்தது. மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை, அதில் ஒரு குடும்பம். மழைக்கு முன்னால் கிளையின் பாரத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

ஏறியது அந்தோணி. ஜோகுபாளையத்துக்காரன், ஒன்பது வருடமாக என்னோடு இருக்கிறான். மேலே தண்ணீர் குடிப்பதற்குக்கூட பெல்ட் கொக்கியை இரண்டு தடவை தொட்டுப் பார்க்கிற ஆள்.

மத்தியானம் இரண்டரை மணி இருக்கும், சுள்ளென்று வெயில். நாற்பதடி உயரத்தில் அவன் கிளையில் உட்கார்ந்து கைரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான், அவன் பெல்ட் கொக்கியிலிருந்து மேல்கிளை வழியாக இறங்கும் கயிறு கீழே என் கையில். அண்ணாந்து பார்த்தபோது கிளை நுனியில் இலைகள் மூடிக்கொண்டிருந்தன. அந்த மரத்தின் இலை சாயங்காலமானால் மூடும், மேகம் கவிந்தாலும் மூடும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை, மற்ற கிளைகளெல்லாம் விரிந்தே இருந்தன. அந்த ஒரு கிளையில் மட்டும், யாரோ ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருவது போல, நுனியிலிருந்து அந்தோணியை நோக்கி மூடிக்கொண்டே வந்தன. அறுத்த அதிர்ச்சியாக இருக்குமோ, வேரில் கோளாறோ என்று நான் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே ரம்பச் சத்தம் நின்றது.

கையில் கயிறு தொய்ந்தது. மேலே பார்த்தால் கொக்கி வெறுமனே காற்றில் ஆடுகிறது. அந்தோணி கன்னத்தைக் கிளையில் வைத்து, கையும் காலும் இரண்டு பக்கமும் தொங்கக் குப்புறப் படுத்திருந்தான். மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். முதுகு சீராக ஏறி இறங்குவது அப்புறம்தான் தெரிந்தது. தூங்குகிறான்.

கத்த வாயெடுத்தேன். ரெஜினா மிஸ் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கத்தாதீங்கம்மா. திடுக்குனு முழிச்சா உருண்டு விழுந்துருவான்."

எங்கள் ஏணி பதினைந்தடிதான் எட்டும். யாரையாவது கூப்பிட்டு அவர்கள் வந்து சேர்வதற்குள் அவன் ஒரு தடவை புரண்டால் போதும். நம்பினால் நம்புங்கள், அந்தப் பயத்திலும் எனக்குக் கொட்டாவி வந்தது. கண் சொக்கியது. இதை இன்றுவரை அந்தோணியிடம் நான் சொல்லவில்லை.

மிஸ் அண்ணாந்து, குரலை உயர்த்தாமல், மதியத் தூக்கத்திலிருந்து குழந்தைகளை எழுப்புகிற மாதிரி கூப்பிட ஆரம்பித்தார்.

"அந்தோணி கண்ணா, தூங்குனது போதும்ப்பா. அசையாம கண்ண மட்டும் தொற."

அதையே திரும்பத் திரும்ப, அதே குரலில். ஏழோ எட்டோ தடவை இருக்கும். அதற்குள் இலைகள் அவன் முதுகு வரைக்கும் மூடிவிட்டன. அப்புறம் கண்ணைத் திறந்தான்.

"எந்திரிக்காத. தலைக்கு மேல கொக்கி தொங்குது பாரு. அதப் புடிச்சு மாட்டு."

சொன்னபடி செய்தான். நான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். அவன் தரையில் கால் வைத்த பிறகுதான் கயிற்றை விட்டேன். மறுபடி பார்த்தபோது இலைகளெல்லாம் விரிந்து வெயிலில் மினுங்கின.

இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அந்தோணி மெதுவாகச் சொன்னான்.

"பின்னாடி யாரோ உக்காந்து முதுகுல தட்டிக் குடுத்தாங்க மேடம். பெல்ட்ட கழட்டிட்டு நல்லா படுன்னாங்க. எனக்கு மாட்டேன்னு சொல்லவே தோணல."

மிஸ்ஸிடம் கேட்டேன், இத்தனை வருடத்தில் அப்படி எதுவும் பார்த்ததில்லை என்றார். டாக்டர் அந்தோணியின் சர்க்கரை, பிரஷர், இதயம் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவன் இப்போதும் மரம் ஏறுகிறான், அதில் மட்டும் ஏறமாட்டான். வேறு ஆளை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. ஆளை மேலே தூக்கி நிறுத்தும் கிரேன் வண்டி வைத்து முடிக்கலாம் என்றால் அந்தச் சந்துக்குள் வண்டி நுழையாது. கிளை அப்படியே இருக்கிறது.

போன வாரம் அதில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்து மாடிக்குப் போனேன். கிளைக்கு நேர் கீழே புடவையில் தூளி கட்டியிருந்தது. அந்த ஷீட் அறையில் இருப்பவள் தருமபுரியிலிருந்து வந்த சின்னப் பெண்; தூளியில் அவளுடைய மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள ஒரு நிமிஷம் தூங்கமாட்டான் அக்கா. இங்க போட்டா ஆட்டக்கூட வேணாம்."

கிளை முறிந்து விழலாம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. மற்றதை எந்த வாயால் சொல்வது? குழந்தையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நானே தூளி முடிச்சை அவிழ்த்தேன். குழந்தை விழித்துக்கொண்டு அலறிய அலறலில் அவள் என்னை எதிரியைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் மிஸ்ஸுக்கு போன் செய்து, பக்கத்து மாடியை எட்டிப் பார்க்கச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"திரும்பக் கட்டியிருக்காம்மா. சத்தமே இல்ல. அவளும் பக்கத்துல படுத்திருக்கா."