நீதிபதி வீட்டுக்குப் போன பலாப்பழம்

முத்தாண்டிக்குப்பம் கொளஞ்சியப்பனுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை வாரிப்போடும் வேலை. பத்து வருஷம் வாரியும் அவன் கான்ட்ராக்ட் ஆள்தான். வேலையை பர்மனென்ட் ஆக்கச் சொல்லி அவனும் கூட்டாளிகள் ஆறு பேரும் கேட் முன்னால் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த நேரம் சரியில்லை, நாட்டில் எமர்ஜென்சி. கான்ட்ராக்டர் ஏழு பேரையும் ஒரே வார்த்தையில் துரத்திவிட்டார்.

வழக்கு தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனது. வாய் திறக்கவே ஊர் பயந்த அந்தக் காலத்தில் நீதிபதி சோமசுந்தரம் கான்ட்ராக்டரைக் கூண்டில் ஏற்றிக் குடைந்தெடுத்தார். தீர்ப்புக்கு நாள் குறித்த கையோடு அவருக்குத் தென்கோடிக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவருக்கு வாய்தா போடுவதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

எழுபத்தேழில் ஆட்சி கவிழ்ந்தது. கோர்ட்டுகள் இனி யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று பேப்பரில் போட்டிருந்ததை கொளஞ்சியப்பன் டீக்கடையில் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். அடுத்த வருஷம் ஆனி மாதம் சோமசுந்தரம் அதே நாற்காலிக்குத் திரும்பினார். மறுவாரம் இவர்கள் வழக்கு.

குடிசைக்குப் பின்னால் அவனுக்கு ஒரு பலா மரம் இருந்தது. முதல் பழம் வருஷாவருஷம் கோவிலுக்குப் போகும். இந்தத் தடவை அவன் அதைத் துண்டில் கட்டுவதைப் பார்த்து மனைவி வீரம்மாள் தடுத்தாள்.

"சாமிக்குன்னு வுட்டத மனுசனுக்குக் குடுப்பாங்களா?"

"சாமி எங்கியும் போவல. இந்த அய்யாதான் நம்மளால தூரமாப் போயி, திரும்பி வந்துக்கிறாரு."

பஸ்ஸேறிப் போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். வாசலில் நின்ற சோமசுந்தரம், யார் என்று கேட்டார்.

"கேஸ்காரங்க அய்யா. கொளஞ்சியப்பனுங்க."

அவர் முகம் செத்துப்போனது. "எடுத்துக்கிட்டுப் போயிடுப்பா" என்றார்.

பெரிய மனுஷர்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். பாவி, அதுமட்டும்தான் தெரியும். கேட்டோரம் பழத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டு, மனசு நிறைந்து பஸ் ஏறினான்.

வழக்கைக் கூப்பிட்டதும் நீதிபதியே விஷயத்தைச் சொன்னார். "வழக்குப் போட்டவர்களில் ஒருவர் என் வீட்டில் பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் தொடவில்லை. ஆனாலும் இனி நான் இதை விசாரிப்பது முறையல்ல. இத்தனை நாள் கோர்ட்டு யார் யாருக்கோ பணிந்து கிடந்தது. இனி அப்படியில்லை என்று ஜனங்கள் நம்ப வேண்டும்."

கொளஞ்சியப்பன் கைகூப்பி எழுந்தான். "எங்க மரத்துப் பழந்தாங்க அய்யா. வேற ஒண்ணுமில்லீங்க."

"தெரியும்" என்றார் சோமசுந்தரம். அவன் பக்கம் அவர் திரும்பவில்லை.

வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறி ஆறு வருஷம் கிடந்தது. எண்பத்து நாலில் தீர்ப்பு வந்தபோது கான்ட்ராக்டர் செத்துப்போய், அவர் கம்பெனியும் கலைந்துபோயிருந்தது. வேலை கொடுக்க ஆளே இல்லாத வழக்கு என்று தள்ளிவிட்டார்கள். சோமசுந்தரத்தின் நேர்மையில் யார் குறை சொல்ல முடியும்? அதை நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

கோர்ட்டு வாசலில் கொளஞ்சியப்பன் கூட்டாளிகளை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் நின்றான். இன்றைக்காவது யாராவது தன்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. மருதமுத்துதான் பக்கத்தில் வந்தான். எழுவரில் மூத்தவன், இருமி இருமி ஓய்ந்தவன்.

"நீ பாட்டுக்கு ஒண்டியாப் போயிட்ட" என்றான் மருதமுத்து. "எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆளுக்கு ஒரு பழம் எடுத்துகினு வந்திருப்போமில்ல."

மற்ற ஐந்து பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.