நாலு மூடியும் ஒரு ‘கீது’வும்

படாளத்து ஏசுதாஸ் வீட்டில் எவ்வளவோ பேசுவார். வேலைக்குப் போனால் மட்டும், ‘இருக்கிறது’ என்பதற்கு நாங்கள் சொல்கிற ‘கீது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. அதற்குக் காரணம் உண்டு.

பத்தொன்பது வருஷமாக விமானங்களைப் பழுது பார்க்கிறவர், ஒன்றில்கூட ஏறிப் பறந்ததில்லை. தன் கைபட்ட விமானம் எழும்பினால் குடிக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து நிற்பார். “இத்தினி இரும்பு மேல போவுதே, எத்தினி வாட்டி பாத்தாலும் நம்ப முடியல” என்பார். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்னவோ அந்த வியப்பு இல்லாதவன் விமானத்தைத் தொடவே கூடாது என்றுதான் படுகிறது.

போன மாசியில் ஒரு காலை, ஒரு விமானத்தைக் கழுவி முடித்திருந்தார்கள். விமானத்தின் பக்கவாட்டில் நாலு சின்னத் துளைகள். வெளிக்காற்றின் அழுத்தத்தை அவை உள்ளே சொன்னால்தான் உயரமும் வேகமும் விமானிக்குச் சரியாகத் தெரியும். கழுவும்போது தண்ணீர் புகாமல் அவற்றுக்கு மூடி போட்டு, பிறகு கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். மூடிகளில் தொங்கும் சிவப்பு நாடா அறுந்து நாளாகியிருந்தது. வெள்ளை உடம்பில் வெள்ளை மூடி, யார் கண்ணுக்குத் தெரியும்?

ஏசுதாஸ் சக்கரத்தருகே நின்று, அன்றைய வேலைக்கு அப்போதுதான் வந்து சேர்ந்த தௌசிஃபைக் கூப்பிட்டார்.

“தௌசிஃப், மூடி நாலும் கீதா?”

“நாலும் கீது அண்ணாத்த!”

பெட்டியில் இருக்கிறதா என்று இவர் கேட்டார். கழுவுகிற வேலை இன்னும் பாக்கி என்று நினைத்த அவன், விமானத்தில் இருக்கிறது என்று சொன்னான். நம்மூரில் இரண்டுக்கும் ஒரே ‘கீது’தான். போய்ப் பார்த்திருந்தால் இருபது அடி. போகவில்லை, பறக்கலாம் என்று கையெழுத்தைப் போட்டார்.

ஏழு மணிக்கு நூற்றெழுபத்தாறு பேரோடு அது எழும்பியது. வழக்கம்போல் நின்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அலுவலகத்து ரேடியோவில் பெண் விமானியின் குரல் கேட்டது. மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம், ஆனால் கருவியில் உயரம் தரையிலேயே நிற்கிறது என்றார் அந்த அம்மாள். விமானத்தை மாமல்லபுரத்துக் கடல் பக்கம் திருப்பி வட்டமடிக்கத் தொடங்கினார்.

ஏசுதாஸ் மூடிகள் வைக்கும் இடத்துக்கு விரைந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். காலி.

சொன்னால் வேலை போகும். ஆனால் கீழே ராடாரில் தெரியும் உயரமும் அந்த விமானமே அனுப்புகிற கணக்குதான் என்பது அவருக்குத் தெரியும். அதை நம்பிக் கடல்மேல் தாழ இறங்கினால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த மேலாளர் ஜோதிலட்சுமியிடம் ஓடினார்.

“மேடம், மூடி நாலும் பிளேன்லயே மாட்டிகினு கீது. நான்தான் பாக்காம கையெழுத்து போட்டுட்டேன். டவர்ல சொல்ற உயரத்தையும் நம்ப வேணாம்னு சொல்லுங்க. தரைய ரேடியோ அலை வுட்டு அளக்குற மீட்டரு நெசம் சொல்லும். வேகத்துக்கு சாட்டிலைட்ட பாக்க சொல்லுங்க.”

ஜோதிலட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே ரேடியோவில் சொன்னார்.

“புரிந்தது, நன்றி” என்றது மேலேயிருந்த குரல். அதில் ஒரு நடுக்கம் இல்லை.

நாற்பது நிமிஷம் கழித்து விமானம் வந்தது. நிறைகுடத்தைச் சிந்தாமல் இறக்கி வைப்பதுபோல் அந்த அம்மாள் அதைத் தரையில் வைத்தார். முகம்கூடத் தெரியாத அவரை நோக்கி ஏசுதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

விசாரணைக்காரர்கள் படம் எடுத்து முடித்ததும் மூடிகளை அவரையே கழற்றச் சொன்னார்கள். ஏணியில் ஏறினார். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத மூடிகள். இதுவா அவ்வளவு பெரிய விமானத்தின் கண்ணைக் கட்டியது என்று உற்றுப் பார்த்தார். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த தௌசிஃபின் கண்கள் சிவந்திருந்தன.

“அண்ணாத்த, மூடி கீதா?”

வாய்வரை வந்த சொல்லை ஏசுதாஸ் விழுங்கினார். இறங்கி வந்து அவன் முன்னால் உள்ளங்கையை விரித்தார்.

“நாலையும் கழட்டிட்டேன். நீயே எண்ணிப் பாரு.”